மீசை முளைக்காத குட்டி

நாய்க்குட்டிக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு நாய்களால் வரும் தொல்லை ரொம்பக் குறைவு. அவை பேரம் பேசுவதில்லை. "வீட்டில் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவதில்லை. தொல்லையெல்லாம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு காலில் உள்ளே வருகிறது. துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்களே, செருப்புக் கடையில் குனிந்து குனிந்து இடுப்பைத் தொலைத்தவர்களே, "இதே டிசைன்ல வேற கலர்" என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடை மட்டாஞ்சேரியில், மிளகு மண்டிகள் இருக்கும் தெருவில். முதலாளி நிசார் இக்கா. நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுவது பீனா. மிச்சம் இருக்கிற எல்லா வேலைக்கும் நான், முருகன். என் அப்பா முனிசிபாலிட்டி வேலைக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் கொச்சியில், மலையாளத்தில். எங்கள் கடையில் நாய்களைத் தவிர மற்ற எல்லாரும் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகத்தான் பேசுவோம். யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே போட்டிருக்கிறேன்.

நாலு கலர் நூல்

இப்போது ஊரில் எல்லாருக்கும் வேண்டியது பூடில் கலந்த சின்ன நாய். அதிலும் காக்கப்பூ என்றால் உயிர். காக்கர் ஒரு பக்கம், பூடில் ஒரு பக்கம். கைக்குள் அடங்க வேண்டும், சுருட்டை முடி இருக்க வேண்டும், கரடிபொம்மை முகம் இருக்க வேண்டும், முடி கொட்டவே கூடாது. கிறிஸ்துமஸ் கூட்டம் ஓய்ந்தபிறகு எங்கள் கடைக்கு அப்படி ஒரு ஈத்தில் நாலு குட்டிகள் வந்தன. நாலும் பிஸ்கட் கலர். கடையில் இருக்கிற குட்டிக்கு நாங்கள் பேர் வைப்பதில்லை. வாங்குகிறவர்தான் வைப்பார். அதுவரை கழுத்தில் கம்பளி நூல் கட்டி, நூலின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவோம். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை.

இந்தத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. குட்டியின் முதுகைத் தடவிப் பார்க்கக் கூடாது, மூக்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கே மீசையும் தாடியுமாக முடி கிளம்பியிருந்தால் பின்னால் சுருட்டை விழும், முடி கொட்டாது. மூஞ்சி வழவழவென்று இருந்தால் அது வளர்ந்து சாதாரண நாயாகத்தான் நிற்கும், முடியும் கொட்டும். தாயும் தகப்பனும் இரண்டுமே கலப்பாக இருந்தால் ஈத்துக்கு ஒன்று இப்படி வருவது உண்டு. எங்கள் ஈத்தில் அது பச்சை. பெண்குட்டி. போதாக்குறைக்குப் பாதமும் மற்றவற்றைவிடப் பெரிசு. பீனா நாலையும் வரிசையாக மேஜையில் உட்காரவைத்து மூஞ்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சையிடம் வந்ததும் அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மூணு பேரும் போகும் முருகேட்டா. இவ இங்கேயே இருந்து நம்மகூட சோறு உண்ணும், நோக்கிக்கோ."

தரையிலிருந்து தோள் வரை

எங்கள் கடைக்குள் நுழைகிறவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் "வலுதாவுமோ?" என்பதுதான். பெரிசாக வளருமா என்று அர்த்தம். குட்டியை இன்னும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். நான் குனிந்து, தரைக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, "இவ்வளவு இருக்கலாம்" என்பேன். தாயின் உயரம், குட்டியின் பாதம், எடை எல்லாவற்றையும் பார்த்துப் போடுகிற ஒரு கணக்குதான் அது. ஜோசியம் என்று சொன்னாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எர்ணாகுளத்து ஃபிளாட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய நாயை மட்டும்தான் லிஃப்டில் ஏற்றலாம் என்று அவர்கள் ஃபிளாட்டில் சட்டமாம். நான் கையைப் பிடித்து "இவ்வளவு இருக்கலாம்" என்றதும் கணவன் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். குட்டியை அளப்பார் என்று நினைத்தேன். தரையிலிருந்து என் உள்ளங்கை வரை அளந்தார். மனைவி குறித்துக்கொள்வதற்குள் இன்னொரு தடவை அளந்துவிட்டு, "முதல்ல பிடிச்சதைவிட இப்போ கை இறங்கிருச்சே" என்றார். "அது முதுகுவலி சார், நாய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. "இருக்கலாம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். குட்டி கையெழுத்துப் போட்டால் நானும் போடுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கடைசியில் அந்தப் பெண் பாவமாக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சேட்டா, வளர்ந்து முடிஞ்ச குட்டி ஏதெங்கிலும் உண்டோ?"

டீக்கப்

காலேஜில் படிக்கிற ஒரு பெண் போனை நீட்டினாள். அதில் ஒரு கோப்பைக்குள் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. இதே மாதிரி டீக்கப் அளவு வேண்டும் என்றாள். அது படம் எடுத்த அன்றைக்குத்தான் கோப்பைக்குள் இருந்திருக்கும், அடுத்த மாதம் குண்டானுக்குள்ளும் அடங்காது என்று விளக்கினேன். நாய் வளரத்தான் செய்யும், வளராவிட்டால்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை, ஒருத்திக்காவது புரிந்ததே என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. சிவப்பு நூல் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "மனசிலாயி சேட்டா. அப்போ இது வளராம இருக்க என்ன தீனி கொடுக்கணும்?"

விழாத முடி

அடுத்த கட்டிடத்தில் மிளகு புரோக்கர் ஒருவர் இருக்கிறார். குஜராத்திக் குடும்பம். எங்கள் எல்லாரையும்விட நல்ல மலையாளம் பேசுவார், என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். பேத்திக்கு நாய் வேண்டும், ஆனால் வீட்டுக்குக் கீழேயே கிடங்கு. மிளகில் ஒரு நாய்முடி கிடந்தாலும் சரக்குத் திரும்பிவிடும். அதனால் முடி கொட்டாத ஜாதிதான் வேண்டும் என்றார். நான் நீலத்தைக் காட்டினேன். மீசையைப் பற்றி, சுருட்டையைப் பற்றி, முடி கொட்டாததைப் பற்றி வழக்கமான பாட்டைப் பாடினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடங்கல் இல்லாமல் வரும் பாட்டு.

அவர் மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிற மாதிரி நீலத்தின் காதை உருட்டிப் பார்த்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். மேஜைக்கு அடியில் கிடந்த பச்சையையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாயே வேண்டாம், பேத்திக்கு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுந்தார். ஏன் சார் என்றேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். அதற்கு மழைக்காலம்தான் பதில் சொன்னது. "முடி முளைச்சுக்கிட்டே இருக்கும், கீழேயும் விழாதுன்னு சொல்றே. அப்போ அதெல்லாம் எங்கே போகுது?"

மகன் வாங்கிக் கொடுத்த துணை

சிவப்பும் நீலமும் வந்த மாதத்திலேயே போய்விட்டன. மஞ்சளை வாங்கியவன் கடைக்கே வரவில்லை. துபாயிலிருந்து போனில் வந்தான். பேர் ராஜேஷ். எங்கள் தெருவுக்குப் பின்னால் சந்தில் தனியாக இருக்கும் பத்மாவதி அம்மாவின் ஒரே பையன். தமிழ்க் குடும்பம்தான். அம்மா ரொம்ப காலம் தையல்கடை வைத்திருந்தவர். இப்போது விரல்கள் மடங்கிப்போய், சாயா கிளாஸைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு ஒரு துணை வேண்டும் என்பது மகனின் யோசனை. நான் போனைக் குட்டிகளுக்கு எதிரே பிடித்தேன். மேலே தூக்குங்க, பின்னால் திருப்புங்க, நடக்கவிடுங்க என்று ஏலக்கடை மாதிரி ஆட்டிவைத்தான். முடி கொட்டினால் அம்மாதான் கூட்ட வேண்டும், பெரிசாக வளர்ந்தால் இழுத்துத் தள்ளிவிடும், அதனால் மஞ்சள் போதும், பச்சை வேண்டாம் என்று முடிவு செய்தான். அன்பில் குறை சொல்ல முடியாது. நாயைத் தேர்ந்தெடுக்க அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் இங்கே வந்து போயிருக்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

மஞ்சளையும் தீனிப் பையையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாசலிலேயே நின்று, குட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். போனில் மகன் "பிடிச்சிருக்காம்மா, பிடிச்சிருக்காம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "ரொம்பப் பிடிச்சிருக்குடா" என்று அவனுக்குச் சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகினார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "வயசான காலத்துல என்னை நோக்க ஒரு ஆள் வேணும்னு கேட்டேன் முருகா. நான் நோக்குறதுக்கு ஒரு ஆளை அனுப்பிருக்கான்."

தாய்க்கூடு

அடுத்த ஈத்தைப் பார்த்து வர இக்கா என்னை ஏலூர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குட்டி கொடுக்கிறவர் வீடு. முன்னால் நல்ல மொசைக் தரை, பூந்தொட்டி. பின்னால் தகரக் கொட்டகையில் வரிசையாகக் கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தாய். கடையில் குட்டிகள் ஆளைக் கண்டால் கம்பியில் ஏறிக் குதிக்கும். இவை எழுந்துகூட வரவில்லை. நான் கையை நீட்டினேன். ஒன்று மட்டும் என் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நான் கையை இழுத்துக்கொண்டேன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் இத்தனை நாள் குட்டியை மட்டும் பார்த்து வந்திருக்கிறேன்.

விற்காமல் ஒரு குட்டி நிற்கிறது, பெண், கொஞ்சம் பெருவெட்டு என்று இக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த ஆளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெருவெட்டு என்றால் குட்டி அதிகம் போடுமாம். ஓணத்துக்குள் விற்காவிட்டால் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். இக்கா கெட்டவர் இல்லை. வளர்ந்துகொண்டே இருக்கிற நாயைக் கடைக்கூண்டில் வைப்பதும் பாவம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் வீட்டுக்கு அதைக் கொண்டுபோகவும் வழியில்லை. என் மனைவிக்கு இழுப்பு. நான் வேலை முடிந்து போனால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன். எதையாவது சொல்லித் தடுக்க வேண்டுமே என்று, "அதுக்கு மீசைகூட இல்லையே" என்றேன். அந்த ஆள் சிரித்தார். "மீசை தாய்க்கு எதுக்கு? பூடில் அப்பனுக்கு இருந்தா மதி, அதே போதும்."

ட்ரையர்

அன்றிலிருந்து பச்சையை விற்பதே எனக்கு வேலையாகிவிட்டது. வருகிறவரிடமெல்லாம் அதை முதலில் காட்டினேன். "இதோட மூஞ்சி மொட்டையா இருக்கே" என்று பக்கத்துக் கூண்டுக்குப் போனார்கள். பொய் சொல்லியும் விற்கலாம், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் பொய் சொல்லி விற்ற நாய் அடுத்த மாதமே திரும்பி வரும், இல்லையென்றால் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிடப்படும்.

இக்காவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஒருநாள் பீனாவைப் பிடித்து, பச்சைக்கு உருண்டை பிரஷ்ஷும் ட்ரையரும் வைத்துச் சுருள் போடச் சொன்னார். கழுத்தில் ஒரு பட்டு ரிப்பனும் கட்டிப் படம் எடுத்துப் போட்டார். படத்தைப் பார்த்துவிட்டு மத்தியானமே ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஹோம்ஸ்டே நடத்துகிற தாமஸ் சேட்டன் வந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் கொஞ்சுவதற்கு ஒரு நாய் வேண்டுமாம். இது ட்ரையர் போட்டது, முடி கொட்டும், இன்னும் வளரும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் செல்ஃபி எடுத்துக்கொண்டே இருந்தார். பச்சையும் அவர் மோவாயை நக்கிக்கொண்டிருந்தது. போகட்டும், நல்ல வீடு, முற்றத்தில் மாமரம் வேறு இருக்கிறது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் நாயைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கவும் கோடைமழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஆட்டோ கிடைப்பதற்குள் சுருள் எல்லாம் இறங்கிவிட்டது. திரும்பி உள்ளே வந்து, சொட்டச் சொட்ட இருந்த பச்சையை மேஜையில் வைத்துவிட்டு, நான் ஏதோ பையை மாற்றிக் கொடுத்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "எடா, இது நம்ம ஜங்ஷன்ல கெடக்குற தெருநாய் அல்லே?"

மழை சொன்ன பதில்

ஜூன் பிறந்தால் எங்கள் கடையில் நாய் விற்பனை குறையும், பீனாவின் கத்திரிக்கு வேலை ஏறும். சுருட்டை முடி கொட்டாது என்று சந்தோஷப்பட்டு வாங்கினவர்களெல்லாம் வருவார்கள். கொட்டாத முடி அங்கேயேதான் இருக்கும். குட்டிமுடி மாறிப் பெரியமுடி வருகிற வயதில், கொச்சி மழையின் ஈரமும் சேர்ந்தால், அது கம்பளமாகத் திரண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் அடிவரை சீப்புப் போட்டிருந்தால் வராது. யார் போடுகிறார்கள்? கடைசியில் எல்லாவற்றையும் மழித்து, சீயக்காய் போட்ட எலி மாதிரி அனுப்பிவைப்போம். சுருட்டைக்காக வாங்கினவர்கள் சுருட்டை இல்லாத நாயைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஒரு நல்ல மழைநாளில் பத்மாவதி அம்மா மஞ்சளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். காதுக்குப் பின்னால், கக்கத்தில், வயிற்றில் எல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. பீனா தொட்டதும் முனகியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீப்பு விரலில் நிற்கவில்லை, அழுத்திப் பிடித்தால் நாய்க்கு வலிக்கிறது, இப்போதெல்லாம் தன் கையைப் பார்த்தாலே அது கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிகிறது என்றார். பீனா மழிக்கிறவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மேஜைக்கு அடியிலிருந்து பச்சை வந்து அவர் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அம்மா குனிந்து, மடங்கிய விரல்களின் பின்பக்கத்தால் அதன் முதுகைத் தடவினார். எங்கேயும் சிக்கவில்லை. இன்னொரு தடவை தடவினார்.

"இதுக்குச் சீப்பு வேணுமா?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒருதரம் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஓணத்துக்கு அதிக நாள் இல்லை. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனாலும், பச்சை திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததால், உள்ளதைச் சொன்னேன். முடி கொட்டும் அம்மா, நல்லாக் கொட்டும், சேலையில், சோற்றில், தலையணையில் எங்கேயும் இருக்கும், இப்போதே மஞ்சளைவிடப் பெரிசு, உங்கள் மகன் வேண்டாம் என்று சொன்ன நாய் இது. அம்மா தடவுவதை நிறுத்தவில்லை. "கூட்டுறது நின்னுக்கிட்டுச் செய்யுற வேலை முருகா, ரெண்டு கையாலயும் துடைப்பத்தைப் பிடிச்சுக்கலாம். நாயில்லாதப்பவும் ரெண்டு நேரம் கூட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்."

போர்டுக்குக் கீழே

"விற்ற குட்டி திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று எங்கள் கல்லாவுக்கு மேலே மலையாளத்தில் ஒரு போர்டு உண்டு. மஞ்சளை எடுத்துக்கொண்டு பச்சையைக் கொடுங்கள் என்று அம்மா கேட்டதும் இக்கா அந்தப் போர்டைக் காட்டினார். அம்மா அந்தப் போர்டுக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். மழையும் விடவில்லை. மஞ்சளை யார் வாங்குவார்கள், மழித்த நாயை யார் பார்ப்பார்கள் என்றார் இக்கா. எனக்கு இன்ச் டேப் ஞாபகம் வந்தது. எர்ணாகுளத்து ஃபிளாட்டுக்குப் போன் போட்டேன். வளர்ந்து முடிந்த குட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் முடி வளரக் கொஞ்ச நாள் ஆகும், தினமும் சீப்புப் போட வேண்டும் என்று சொன்னேன்.

மறுநாளே வந்தார்கள். கணவன் டேப்பை எடுத்து மஞ்சளைத் தரையிலிருந்து தோள் வரை அளந்தார். பழைய குறிப்பைப் போனில் தேடி எடுத்து ஒத்துப் பார்த்தார். நான் அன்றைக்குக் கையைப் பிடித்த உயரத்துக்கும் மஞ்சளுக்கும் ஒரு விரல்கடைதான் வித்தியாசமாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனைவி அதற்குள் பீனாவிடம் சீப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்து மஞ்சள் ஓடவில்லை. பத்மாவதி அம்மா தூரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, கிட்டே போகாமலேயே பச்சையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல் தாண்டும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஏலூர்க்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே இக்கா பச்சையின் கழுத்துநூலை அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு ஸ்டூலில் ஏறிப் போர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திரும்ப எடுத்ததா எவனும் வெளியே சொல்லக் கூடாது, கேட்டோ? தொழில் நடத்தணும்."

மகன் பார்த்த நாய்

ஓணத்துக்கு முந்தின வாரம் தீனிப் பையைக் கொடுக்க அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பச்சை என் மேல் ஏறி நின்றது. இப்போது அதற்கு லட்சுமி என்று பேர். மஞ்சளுக்கு வைத்த பேர்தான், மாற்றவில்லையாம். அம்மாவின் கறுப்புச் சேலை முழுக்கப் பிஸ்கட் கலர் முடி. துடைப்பம் கதவோரம் கைக்கெட்டும் இடத்தில் சாய்ந்திருந்தது. அம்மா முகத்தில் சதை ஏறியிருந்தது. லட்சுமி வெளியே போகணும்னு அடம்பிடிப்பதால் காலையில் ஜங்ஷன் வரை நடக்கிறாராம்.

அப்போது பார்த்து மகன் வீடியோவில் வந்தான். ஆசை ஆசையாக அவன் பொறுக்கி எடுத்த நாய் இது இல்லையே. எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கையால் கேட்டேன். அம்மா இல்லை என்று தலையாட்டிவிட்டு, போனை நாய்க்கு நேராகத் திருப்பினார். மீசை இல்லாத மூஞ்சி, பெரிய பாதம், நேரான முடி எல்லாம் திரை முழுக்கத் தெரிந்தது. பிறகு மகன் சந்தோஷமாக, "முடி வெட்டினது நல்லாருக்கும்மா! கொஞ்சம் சதை வெச்சிருக்கு" என்றான். அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான். நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, போனின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நாய்முடியை முந்தானையால் துடைத்தபடி சொன்னார்: "என்னையே மாத்தி வெச்சாலும் இதைத்தான் சொல்லுவான் முருகா, 'அம்மா, கொஞ்சம் சதை வெச்சிருக்கே'ன்னு."

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக உள்ளே வந்தவர் "வலுதாவுமோ?" என்று கேட்க, ஒரு நாயின் அளவையும் முடியையும் தவிர மற்ற எதையும் யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை என்று தெளிந்துவிட்ட நான், முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, "இவ்வளவு இருக்கலாம்" என்றேன்.